சொல் பொறுக்கும் கருவிகள்

நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ‘அமலி’ என்னும் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று கேட்டால், விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள். பள்ளி தொடங்கிய நாள் முதல் இன்று வரையுள்ள சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்திலும் தேடச் சொன்னால்? அலுவலகத்து அருட்சகோதரி மறுமொழி சொல்லாமல் சிரிப்பார். அரிசியில் கல் பொறுக்குவது போன்றதே இவ்வேலை. ஒரு படி அரிசிக்குக் கண்ணும் கையும் போதும். மூட்டை மூட்டையாக வந்தால் சல்லடை வேண்டும்.

எழுத்துக் குவியலைச் சலிக்கும் சல்லடைகள் கணிப்பொறியில் உண்டு. அவற்றுள் மிகப் பழையனவும் இன்றளவும் உழைத்து வருவனவும் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையோடு பிறந்தவை. அக்கருவிகள் எவை, ஒரு பொறியில் கற்ற கட்டளையை மற்றொரு பொறியிலும் அதே விடை வருமாறு எழுதுவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். கட்டளைகளைப் பொறியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தந்துள்ளேன். ‘-சி’, ‘-ஓ’ என்று வருமிடங்களில் சிறு கோட்டுக்குப் பின் அந்த ஆங்கில எழுத்து நிற்பதாகக் கொள்க.

கிரெப் பிறந்த கதை

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்னுமிடத்தில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். அங்கே பணியாற்றிய லீ மக்மேகன் என்பாருக்கு ஒரு விந்தையான ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தது. அது கணிதமும் அன்று, பொறியியலும் அன்று, இலக்கியத் துப்பறிதல்.

1787, 1788ஆம் ஆண்டுகளில் நியூயார்க் செய்தித்தாள்களில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துக் கட்டுரைகள் வெளிவந்தன. நூலாகத் தொகுக்கப்பட்டபோது மொத்தம் 85. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்று பெயர் பெற்ற அவற்றை எழுதியவர்கள் அலெக்சாண்டர் ஹாமில்ட்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவர். ஆனால் அவற்றுள் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்ட்டனா, மாடிசனா என்பதில் நெடுங்காலம் வழக்கு இருந்தது. ஹாமில்ட்டன் 1804இல் ஆரன் பர்ருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மாண்டுபோனார். அவர் விட்டுச் சென்ற பட்டியலும் மாடிசன் பின்னர் வெளியிட்ட பட்டியலும் ஒத்துப்போகவில்லை.

இதனை ஆராய்வதற்காக மக்மேகன் கட்டுரைகள் முழுவதையும் கணிப்பொறியில் ஏற்றினார். ஏறத்தாழ ஒரு மெகாபைட் அளவு. இன்று ஒரு புகைப்படத்துக்கே அதனினும் மிகுதியான இடம் வேண்டும்! ஆனால் அன்றைய பொறியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவிடமோ 64 கிலோபைட் மட்டுமே. ‘ஈ.டி.’ என்ற உரை திருத்தும் நிரல் கோப்பு முழுவதையும் தனக்குள் ஏற்றிக்கொண்டு வேலை செய்வது. ஆகவே இவ்வளவு பெரிய கோப்பை அதனால் விழுங்க முடியவில்லை. தாம்சன் அந்நிரலின் தேடும் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கோப்பை வரி வரியாகப் படித்து, பொருந்தும் வரியை மட்டும் வெளியே விடும் சிறு கருவியாக்கிக் கொடுத்தார் என்று அவருடைய தோழர் பிரையன் கெர்னிகன் எழுதியுள்ளார். அதுவே கிரெப். ‘எங்கும் தேடு, இந்த வடிவத்தை, அச்சிடு’ என்னும் பொருளில் ‘ஈ.டி.’யில் இடப்படும் கட்டளை எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வரும் ஒலிதான் இப்பெயர்.

மக்மேகன் தாமே பின்னர் ‘செட்’ என்னும் கருவியை ஆக்கினார். கிரெப் வரியைத் தேர்ந்தெடுக்கும். செட் வரிக்குள் புகுந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும். 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரும் ‘ஆக்’ என்னும் கருவியைப் படைத்து, தம் பெயர்களின் முதலெழுத்துகளையே அதற்குச் சூட்டினர். வரியைப் பத்திகளாகப் பிரித்து, கூட்டல் கழித்தலும் செய்யவல்லது அது. ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்த கருவியின் வாயில் ஊற்றும் ‘குழாய்’ முறை டக் மக்கில்ராயின் யோசனை. 1973இல் அது யூனிக்ஸில் இடம் பெற்றது. நிமிர்ந்த ஒற்றைக் கோடு (|) அதன் அடையாளம்.

ஒரு சொல்லை எண்ணுதல்

ஃபெடரலிஸ்ட் வழக்கு 1964இல் பெரும்பாலும் தீர்ந்தது. ஃபிரெடரிக் மோஸ்டெல்லர், டேவிட் வாலஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் பெரிய கருத்துகளை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினர். ஆங்கிலத்தில் ‘மீது’ என்னும் பொருள்தரும் ‘அப்பான்’ என்ற சொல்லை ஹாமில்ட்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 3 தடவை எழுதுகிறார். மாடிசனோ அதில் பத்தில் ஒரு பங்கு கூட எழுதுவதில்லை. இத்தகைய பல சொற்களைக் கொண்டு கணக்கிட்டு, வழக்கிலுள்ள 12 கட்டுரைகளும் மாடிசனுடையவையாக இருக்கும் வாய்ப்பே மிகமிக அதிகம் என்று அவர்கள் முடிவு கண்டனர்.

அந்த ஒரு சொல்லை எண்ணும் வேலையை நாமும் செய்து பார்க்கலாம். கட்டுரைகளின் முழு உரையும் புராஜெக்ட் குடன்பர்க் என்னும் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் தோன்றும் வழி கிரெப்புக்கு ‘-சி’ குறி கொடுத்து எண்ணச் சொல்வது. விடை வரும், ஆனால் அது பிழையான விடை. கிரெப் எண்ணுவது சொற்களை அன்று, வரிகளை. ஒரே வரியில் அச்சொல் இருமுறை வந்தாலும் ஒன்றென்றே எண்ணும். மேலும் ‘தேரப்பான்’, ‘வேரப்பான்’ என்று அச்சொல்லைத் தன் வாலாகக் கொண்ட வேறு ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளும். வாக்கியத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்தோடு வருவதை விட்டுவிடும். இத்தனையும் செய்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல ஓர் எண்ணை அச்சிட்டு நிற்கும்!

லினக்ஸில் பழகிய மாணவி உடனே ‘-ஓ’ குறியை நாடுவாள். பொருந்திய துண்டை மட்டும் தனித்தனி வரியாகத் தருவது அது. ‘-டபிள்யூ’ குறி முழுச் சொல்லை மட்டும் ஏற்கும். இரண்டும் இனியவையே. ஆனால் இவை எல்லா யூனிக்ஸ் பொறிகளுக்கும் பொதுவானவை அல்ல. சொலாரிஸ் 10 என்னும் யூனிக்ஸின் வழக்கமான கிரெப்புக்கு ‘-ஓ’ தெரியாது. பெர்ல் மொழியின் வடிவங்களை ஏற்கும் ‘-பி’ குறியோ லினக்ஸில் உள்ள கிரெப்பில் உண்டு. மேக் பொறியோடு வரும் கிரெப்பில் இல்லை.

இந்த வேற்றுமைகள் எப்படி வந்தன? சுருக்கமாகச் சொல்கிறேன். பெல் கூடத்தின் யூனிக்ஸிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1977 முதல் ‘பி.எஸ்.டி.’ என்ற கிளையை வளர்த்தனர். தாய் நிறுவனமாகிய ஏ.டி. அண்டு டி. 1983இல் ‘சிஸ்டம் ஐந்து’ என்ற பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனூ’ திட்டத்தை அறிவித்து, எல்லாக் கருவிகளையும் புதிதாக எழுதும் பணியைத் தொடங்கினார். இன்று லினக்ஸில் நாம் காண்பவை பெரும்பாலும் குனூ கருவிகள். மேக்கில் இருப்பவை பி.எஸ்.டி. வழி வந்தவை. ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்ளே ‘டாய்பாக்ஸ்’ என்றொரு சிறு தொகுதி இருக்கிறது. ஆக, பெற்றோர் கையிலுள்ள கைபேசியும் இக்குடும்பத்தின் பேரப்பிள்ளையே. கிளைதோறும் அவரவர்க்குத் தோன்றிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இலக்கணம் வேண்டும் என்று ‘பாசிக்ஸ்’ தரம் 1988இல் பிறந்தது. கருவிகளைப் பற்றிய அதன் பகுதி 1992இல் வந்தது. பாசிக்ஸில் சொன்னதை மட்டும் கையாண்டால் நம் கட்டளை எங்கும் ஓடும் என்று பொதுவாக நம்பலாம். ‘பொதுவாக’ என்று நான் சொன்னதைக் கவனித்தீர்களா? அதன் காரணத்தை இனிக் காண்போம்.

ஆறு கருவிகளின் அணிவகுப்பு

1986இல் ஏ.சி.எம். என்னும் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் ஜான் பென்ட்லி ஒரு சிக்கலைக் கொடுத்தார். ஓர் உரையில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு வரிசைப்படுத்த வேண்டும் என்பது அது. டொனால்டு நூத் என்ற பேரறிஞர் அதற்குப் பல பக்கங்கள் நீளும் அழகிய நிரல் ஒன்றை எழுதினார். அதனை மதிப்பிட்ட மக்கில்ராய், நூத்தின் திறமையைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு சிறு கருவிகளைக் குழாயில் இணைத்துச் செய்து காட்டினார்:

டி.ஆர். | டி.ஆர். | சார்ட் | யூனிக் | சார்ட் | செட்

முதல் டி.ஆர். எழுத்து அல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்றுகிறது. ஆகவே வரிக்கு ஒரு சொல் நிற்கும். இரண்டாவது பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குகிறது. சார்ட் அகரவரிசைப்படுத்துகிறது. அடுத்தடுத்து நிற்கும் ஒரே சொற்களை யூனிக் ஒன்றாக்கி எண்ணிக்கை தருகிறது. மறுபடியும் சார்ட், இம்முறை எண்ணின் இறங்குமுகமாக. செட் முதல் சில வரிகளோடு நிறுத்திவிடுகிறது. சமையலறையில் ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி தாளிக்க, ஒருத்தி பரிமாறுவது போன்ற வேலைப் பங்கீடு இது. இன்றும் இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை யூனிக்ஸ் கற்கும் மாணவிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நமக்கு வேண்டியது ஒரே சொல்லாதலால், இரு டி.ஆர். கட்டளைகளுக்குப் பின் கிரெப்பை வைத்து, ‘^’ என்ற தொடக்கக் குறிக்கும் ‘$’ என்ற முடிவுக் குறிக்கும் நடுவே அச்சொல்லை இட்டு, ‘-சி’யால் எண்ணச் சொன்னால் போதும். வரிக்கு ஒரு சொல் என்றாகிவிட்டதால், வரியை எண்ணுவதும் சொல்லை எண்ணுவதும் இப்போது ஒன்றே. ‘-ஓ’ வேண்டாம், ‘-டபிள்யூ’ வேண்டாம். இருக்கும் பொதுக்கருவிகளாலேயே வேலை முடிகிறது.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டி.ஆர். கருவிக்கு இரு பட்டியல்கள் கொடுக்கிறோம். முதல் பட்டியலில் உள்ள எழுத்து, இரண்டாம் பட்டியலில் அதே இடத்தில் உள்ள எழுத்தாக மாறும். முதல் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட குறிகளும் இரண்டாவதில் வரிமுறிவு என்ற ஒன்று மட்டுமே இருந்தால் என்ன செய்வது? பெர்க்லிக் கிளையினர், ‘கடைசி எழுத்தையே திரும்பத் திரும்ப இட்டு நிரப்பிக்கொள்’ என்றனர். சிஸ்டம் ஐந்து கிளையினரோ, ‘முதல் பட்டியலில் மிஞ்சியதை விட்டுவிடு’ என்றனர். அதாவது முதல் குறி ஒன்று மட்டும் மாறும். ஏனையவை அப்படியே கிடக்கும். இரு தரப்பாரும் பல ஆண்டு உழைத்த நிலையில், பாசிக்ஸ் தரம் எழுதியவர்கள் இதில் யார் சரியென்று தீர்ப்புச் சொல்லவில்லை. விளைவு வரையறுக்கப்படாதது என்று விட்டுவிட்டார்கள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பெர்க்லி முறைப் பொறியில் சரியாக ஓடிய கட்டளையைச் சிஸ்டம் ஐந்து முறைப் பொறியில் இட்டால், சொற்கள் வரிவரியாகப் பிரியாது. பத்தி பத்தியாகவே நிற்கும். ‘அப்பான்’ என்ற சொல் மட்டும் தனித்து நிற்கும் வரி எதுவும் இராது. கிரெப் 0 என்று அச்சிடும். பிழைச்செய்தி ஏதும் வராது. அந்த எண்ணை நம்பி எழுதினால், ஹாமில்ட்டன் தம் வாழ்நாளில் அச்சொல்லைத் தொட்டதே இல்லை என்று ஆகிவிடும்! எந்தச் சொல்லால் வழக்கே தீர்ந்ததோ, அதே சொல் பொய்ச்சாட்சியாகி விடுகிறது.

‘-ஓ’ தெரியாத கிரெப் ‘எனக்கு இது தெரியாது’ என்று உரக்கச் சொல்லிவிடும். அத்தகைய பொறியால் நமக்குப் பத்து நிமிடம் வீண், அவ்வளவே. தெரியாததைத் தெரிந்தது போல் செய்து முடித்து வாய்மூடி நிற்கும் பொறிதான் அஞ்சத்தக்கது. பெயர்வுத்திறன் பற்றி எழுதுவோர் பலரும் முதல் வகையைப் பற்றியே மிகுதியாகப் புலம்புகிறார்கள். என் கருத்தில் நம் கவனம் முழுவதும் இரண்டாம் வகையின்மேல் இருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. இரண்டாம் பட்டியலை ‘[\012*]’ என்று எழுதுக. 012 என்பது எட்டடிமான எண்ணில் வரிமுறிவின் குறியீடு. உடுக்குறி ‘வேண்டிய மட்டும் திரும்ப இடு’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவதால், எக்கிளைப் பொறியும் தன் விருப்பப்படி நடக்க இடமில்லை. பெரிய எழுத்தைச் சிறியதாக்கும்போது எழுத்து வரம்பைச் சதுர அடைப்புக்குள் எழுதுவதும் இவ்வாறான நல்ல பழக்கம். சிஸ்டம் ஐந்து பொறிக்கு அடைப்பு கட்டாயம் வேண்டும். பெர்க்லிப் பொறியோ அடைப்பையும் ஓர் எழுத்தாகக் கருதி, அடைப்பை அடைப்பாகவே மாற்றும். அதனால் தீங்கில்லை. இரு மாமியார் வீட்டிலும் நல்ல பெயர் வாங்கும் மருமகள் போன்றது இவ்வடிவம்.

ஒரு வரிக்குள் இருந்து ஒரு துண்டு

சொற்களை எண்ணுவது ஒருபுறமிருக்க, அலுவலக வேலைகளில் அடிக்கடி தேவைப்படுவது வேறு. வரியில் ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள துண்டை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். கோப்பில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்:

பதிவெண்=4127;பெயர்=அமலி;தந்தைபெயர்=சூசை;மதிப்பெண்=87

மாணவியின் பெயர் மட்டும் வேண்டும். செட் கருவியில் தேடும் வடிவத்தை இவ்வாறு அமைக்கலாம்:

.*பெயர்=\([^;]*\).*

புள்ளியும் உடுக்குறியும் சேர்ந்தால் ‘எதுவாயினும், எத்தனையாயினும்’ என்று பொருள். சாய்கோட்டு அடைப்புக்குள் இருப்பது நாம் பிடித்து வைத்துக்கொள்ளும் துண்டு. அதனை மாற்றுப் பகுதியில் ‘\1’ என்று அழைக்கலாம். ‘[^;]*’ என்றால் அரைப்புள்ளி அல்லாத எழுத்துகளின் தொடர். இவ்வடிவம் பாசிக்ஸ் தரத்துக்கு உட்பட்டது, எப்பொறியிலும் ஓடும். ஓடி, எல்லாப் பொறிகளிலும் ஒன்றுபோல் ‘சூசை’ என்று விடை தரும்!

காரணம், ‘.*’ பேராசை பிடித்தது. முடிந்த மட்டும் முன்னேறிச் சென்று, வரியில் உள்ள கடைசிப் ‘பெயர்=’ வரை விழுங்கிவிடும். ‘தந்தைபெயர்=’ என்பதற்குள்ளும் ‘பெயர்=’ இருக்கிறதன்றோ? வடிவத்தில் ‘;பெயர்=’ என்று முன்னுள்ள அரைப்புள்ளியையும் சேர்த்துவிட்டால் ‘அமலி’ சரியாக வெளிவரும். கட்டளை எங்கும் ஓடுவது வேறு, அது கேட்டதைத் தருவது வேறு. பேராசையை அடக்க ‘.*?’ என்று எழுதுவது பெர்ல் முதலிய மொழிகளின் வழக்கம். செட்டிலும் சாதாரணக் கிரெப்பிலும் அதை நம்ப வேண்டாம். எதுவரை வேண்டும் என்பதை ‘[^;]*’ போல நாமே வரையறுப்பதே உறுதியான வழி.

மதிப்பெண்ணை எடுக்கையில் இன்னொன்று. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் என்பதைச் சாதாரணக் கிரெப்பில் ‘[0-9]+’ என்று எழுதினால், அது கூட்டல் குறியையே தேடும். லினக்ஸில் அதன் முன் சாய்கோடு இட்டால் வேலை செய்யும், மற்றவற்றில் உறுதியில்லை. ‘[0-9][0-9]*’ என்று நீட்டி எழுதுக. அழகில்லைதான், எங்கும் ஒன்றே.

செட் கருவியின் ‘-ஐ’ குறியைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. கோப்பை அங்கேயே திருத்திவிடும் குறி இது, பாசிக்ஸில் இல்லாதது. குனூவில் அதன்பின் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. மேக்கிலோ, பழைய கோப்பின் நகலுக்கு இடவேண்டிய பின்னொட்டை அடுத்த சொல்லாகக் கட்டாயம் எதிர்பார்க்கும். லினக்ஸ் பழக்கத்தில் ‘-ஐ’யை அடுத்து ‘-இ’ குறியை எழுதினால், மேக் அந்த ‘-இ’யையே பின்னொட்டாகக் கொண்டு பெயர்வால் நீண்ட கோப்பு ஒன்றை அடைவில் உண்டாக்கி வைக்கும். திருத்தியதைப் புதிய கோப்பில் எழுதி, திறந்து பார்த்து, சரியானால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பதிவேட்டில் அடித்துத் திருத்தாமல் புதுத் தாளில் படியெடுக்கும் எழுத்தர்கள் அறிவுள்ளவர்கள்.

எண்ணிக்கையைப் பத்தி அளந்து வெட்டுவதும் கூடாது. யூனிக் தரும் எண்ணிக்கைக்கு முன் குனூ விடும் இடைவெளி வேறு, பி.எஸ்.டி. விடுவது வேறு. ஆக் கருவியிடம் முதல் பத்தியைக் கேட்டால் இடைவெளி எத்தனையாயினும் எண் சரியாக வரும்.

இத்தனை தொல்லைக்குப் பதிலாகப் பைத்தானில் எழுதிவிடலாமே என்று பெரிய வகுப்பு மாணவிகள் கேட்பது என் காதில் விழுகிறது. நல்ல கேள்விதான், பெரிய வேலைகளுக்கு அதுவே தக்கது. ஆனால் பாசிக்ஸ் பட்டியலில் பைத்தான் இல்லை. 2022இல் மேக்கின் 12.3 பதிப்பில் பைத்தான் 2 நீக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த சிறு நிரல்கள் ஒரே நாளில் நின்றன. கிரெப்பும் செட்டும் ஆக்கும் ஐம்பது ஆண்டு ஆகியும் இடம்பெயரவில்லை.

தமிழ் உரையில் வரும் சிக்கல்

இக்கருவிகள் ஆங்கிலத்துக்கென்று பிறந்தவை. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட். இன்று பரவலாகவுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மேலும் நாம் ஓர் எழுத்தென்று கொள்வது பொறிக்கு இரு குறியீடாக இருக்கலாம். ‘அம்மா’ நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடு, 15 பைட். ஆக் கருவியிடம் இச்சொல்லின் நீளம் கேட்டால், குனூவின் ஆக் தக்க மொழியமைப்பில் 5 என்னும். உபுண்டுவில் நெடுங்காலமாக இயல்பாக வரும் ‘மாக்’ என்ற வகை 15 என்னும். 3 என்று சொல்வார் ஒருவருமில்லை.

எல்லாப் பொறியிலும் 3 என்றே வரச்செய்ய ஒரு வழி உண்டு. மொழியமைப்பைச் ‘சி’ என்று ஆக்கிவிட்டால், எல்லாக் கருவிகளும் பைட்டையே எழுத்தாகக் கருதி ஒன்றுபோல் நடக்கும். பிறகு செட்டைக் கொண்டு புள்ளியையும், கால், கொம்பு, சுழி முதலிய 11 உயிர்க்குறிகளையும் தனித்தனிக் கட்டளையால் நீக்குக. ‘அம்மா’ என்பது ‘அமம’ ஆகும்; 9 பைட். மூன்றால் வகுத்தால் 3. தனித்தனிக் கட்டளை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அத்தனை குறிகளையும் ஒரே சதுர அடைப்புக்குள் இட்டால், ‘சி’ அமைப்பில் பொறி அவற்றைப் பைட் பைட்டாக உடைத்து, மெய்யெழுத்துகளின் உடலையும் சிதைத்துவிடும்.

குனூவின் டி.ஆர். எந்த மொழியமைப்பிலும் பைட்டையே எண்ணி வந்துள்ளது. ஆகவே ‘எழுத்து அல்லாதது அனைத்தும்’ என்ற மக்கில்ராயின் முறை தமிழுக்கு ஆகாது. இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நீக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லி வரிமுறிவாக்கினால் தீங்கில்லை. தமிழ்க் குறியீட்டின் பைட்டுகள் யாவும் 128 அல்லது அதற்கு மேற்பட்டவை. நிறுத்தக் குறிகளோ அதற்குக் கீழே. ஒன்றை ஒன்று தொடாது. ‘சி’ அமைப்பில் அகரவரிசைப்படுத்தினால் மட்டும் நம் நெடுங்கணக்கு வராது. யூனிக்கோடு பட்டியலில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் நிற்பதால், சார்ட்டும் அவ்வாறே அடுக்கும். எண்ணுவதற்கு அது போதும். அகராதி தொகுப்பதற்குப் போதாது.

செய்து பாருங்கள்

எந்தப் புதிய பொறியில் உட்கார்ந்தாலும், பெரிய கோப்பை எடுக்குமுன் விடை தெரிந்த சிறு கோப்பு ஒன்றை நீங்களே தட்டச்சு செய்து சோதியுங்கள். மூன்று வரி போதும். முதல் வரியில் ‘அப்பான்’ என்ற ஆங்கிலச் சொல்லை வேறு சொற்களோடு இருமுறை எழுதுங்கள். இரண்டாம் வரியை அதே சொல்லின் பெரிய எழுத்தால் தொடங்கி, அதன்பின் இரண்டு மூன்று சொற்கள் எழுதுங்கள். மூன்றாம் வரியில் ‘தேரப்பான்’ ஒருமுறை வரட்டும். இப்போது இரு டி.ஆர்., ஒரு கிரெப் கொண்ட நம் குழாயில் அக்கோப்பை விடுங்கள்.

3 என்று வரவேண்டும். 4 வந்தால் ‘தேரப்பான்’ உள்ளே நுழைந்துவிட்டது. ‘^’, ‘$’ குறிகளைப் பாருங்கள். 2 வந்தால் பெரிய எழுத்து சிறியதாகவில்லை. 0 வந்தால் சொற்கள் வரிவரியாகப் பிரியவில்லை, டி.ஆர். கட்டளையின் இரண்டாம் பட்டியலில் உடுக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.